மாடியில் சோலார் இருக்கு... அப்புறமும் ஏன் வருது ஈ.பி. பில்?

‘‘சோலார் போட்டா பில்லே வராதுன்னு சொல்லித்தானே போட்டோம். அப்புறம் எதுக்கு இந்த மெசேஜ்?’’

மொட்டை மாடியில் பேனல் ஏறி, புது மீட்டர் மாட்டி, முதல் இரண்டு மாதம் முடிந்து ஈ.பி-யிலிருந்து எஸ்.எம்.எஸ் வந்து விழும் நாளில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்கணக்கு பார்ப்பவர். பதில் சொல்ல வேண்டியவர், சோலார் போடலாம் என்று முடிவெடுத்தவர். பல வீடுகளில் அந்தப் பதில் சரியாக வருவதில்லை. காரணம், பில்லில் இப்போது இருக்கும் எண்கள் பழைய எண்கள் இல்லை. அவற்றைப் படிக்கும் முறையே மாறிவிட்டது. அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதும் இல்லை.

மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவில் இருக்கும் மாத்தூரை எடுத்துக்கொள்வோம். எம்.எம்.டி.ஏ மனைகளில் எழுந்த தனி வீடுகள், ஒன்றிரண்டு மாடிகள், மேலே மறைப்பு அதிகம் இல்லாத மொட்டை மாடி. சோலாருக்கு ஏற்ற இடம். மின்சாரம் உற்பத்தி செய்வதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. புகையையும் சாம்பலையும் இங்கே வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பிய பகுதி இது. இப்போது வீட்டு மாடியிலிருந்தும் அனுப்ப முடிகிறது. அனுப்பினால் கணக்கு வேண்டும் அல்லவா? அந்தக் கணக்குதான் உங்கள் பில்.

இருநூறு யூனிட் எங்கே போச்சு?

மாத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோவாட் சோலார். இன்வெர்ட்டர் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால், இரண்டு மாதத்தில் 480 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்பது நம் ஊர் வெயிலில் சாதாரணமாகச் சொல்லப்படும் கணக்கு, ஆகவே இந்த எண்ணில் பிழையில்லை. ஆனால் ஈ.பி. கணக்கில், நீங்கள் கொடுத்தது 280 யூனிட் என்றுதான் இருக்கிறது.

‘‘மீதி 200 யூனிட்டை ஈ.பி. முழுங்கிடுச்சு’’ என்பதுதான் அடுத்து வரும் பேச்சு.

யாரும் முழுங்கவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். காய்த்ததில் கொஞ்சம் உங்கள் சாம்பாருக்கே போய்விடுகிறது. மிச்சத்தைத் தெருமுனை அண்ணாச்சி கடையில் கொடுக்கிறீர்கள். அண்ணாச்சி தன் நோட்டில் எதை எழுதுவார்? கடைக்கு வந்த காயை மட்டும்தான். உங்கள் சாம்பாரில் எத்தனை காய் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஈ.பி. மீட்டர் அந்த அண்ணாச்சி நோட்டு. பகலில் பேனல் தரும் மின்சாரத்தில் உங்கள் ஃப்ரிட்ஜ், மோட்டார், மின்விசிறி, மிக்ஸி எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் மீட்டரைத் தாண்டி வெளியே போகிறது. அந்த மிச்சம்தான் ‘எக்ஸ்போர்ட்’. சூரியன் இல்லாத நேரத்தில் வெளியிலிருந்து உள்ளே வருவது ‘இம்போர்ட்’. வீட்டுக்குள்ளேயே விளைந்து வீட்டுக்குள்ளேயே செலவான 200 யூனிட் மீட்டரைத் தொடவே இல்லை. அது பில்லில் எந்த வரியிலும் வராது. ஆனால் உங்களுக்கு மிச்சமான பணத்தில் அதுவும் இருக்கிறது.

ஆக, சோலார் போட்ட பிறகு உங்கள் பில் சொல்வது நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதை அல்ல. வாசலில் நடந்த கொடுக்கல் வாங்கலை மட்டும். வீட்டின் உண்மையான செலவு தெரிய வேண்டுமென்றால் ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் போட வேண்டும்: இம்போர்ட்டோடு ஆப் காட்டும் உற்பத்தியைக் கூட்டி, எக்ஸ்போர்ட்டைக் கழியுங்கள். நம் உதாரண வீட்டில் இம்போர்ட் 420. அதோடு 480 சேர்த்தால் 900. அதில் 280 போக, 620 யூனிட். அதுதான் அந்தக் குடும்பம் இரண்டு மாதத்தில் உண்மையில் பயன்படுத்திய மின்சாரம்.

இந்த ஒரு கணக்கை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

பில் போடும் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மாடி சோலாருக்கு இப்போது இருப்பது ‘நெட் மீட்டரிங்’ முறை. இம்போர்ட்டிலிருந்து எக்ஸ்போர்ட்டை, யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்கள். மிஞ்சுவது நிகர யூனிட். அதற்குத்தான் வழக்கமான வீட்டுக் கட்டணம். உதாரண வீட்டில் 420-ல் 280 போக, நிகரம் 140 யூனிட்.

வீட்டுக் கட்டணம் 2024 ஜூலையில் மாறியது. 2025 ஜூலையில் மறுபடி உயர்ந்தபோது, வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. அந்த விகிதத்தில் கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201-லிருந்து 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401-லிருந்து 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டினால் கதை வேறு. 101-லிருந்து 200 வரைக்குமான சலுகை போய், அந்த யூனிட்டுகளுக்கும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55.

சோலார் இல்லாமல் 620 யூனிட் ஓடியிருந்தால் அந்த வீட்டின் பில் 3,069 ரூபாய். சோலாரோடு, நிகரம் 140 யூனிட்டுக்கு இலவசம் 100 போக, 40 யூனிட்டுக்கு 94 ரூபாய்.

மூவாயிரம் சொச்சத்திலிருந்து 94 ரூபாய்! ‘ஏன் பில் வந்தது’ என்று கேட்ட வீட்டில் நடந்தது இதுதான். பில் வந்தது உண்மை. அது எந்த பில்லின் இடத்தில் வந்தது என்பதைத்தான் பார்க்கத் தவறுகிறோம்.

இன்னொன்று. வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை 2022 கட்டண மாற்றத்தின்போதே தமிழ்நாட்டில் எடுத்துவிட்டார்கள். அதனால், நிகரம் 100 யூனிட்டுக்குள் அடங்கினால் மின்கட்டணம் பூஜ்யம் ஆவது இங்கே நடக்கக்கூடிய விஷயம்தான். விற்பவர்கள் சொல்லும் ‘ஜீரோ பில்’ முழுப் பொய் இல்லை. ஆனால் அது வாக்குறுதி இல்லை. உங்கள் வீட்டுச் செலவைப் பொறுத்தது.

300 யூனிட் இலவசமா?

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. மாதம் 300 யூனிட் இலவசம் என்பதே எல்லோர் காதிலும் விழுந்தது. இதை வைத்து, ‘ஈ.பி-க்காரர்கள் 300 யூனிட்டைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் பில் போட வேண்டும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. மூன்று கிலோவாட் பேனல் போட்டால் மாதம் ஏறக்குறைய அவ்வளவு யூனிட் உங்கள் மாடியிலேயே விளையும் என்பதுதான் அந்த 300. அரசு தருவது மானியம்: முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. மொத்தம் 78,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. அது ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வருவது. பில்லில் தேடினால் கிடைக்காது.

மேலும் ஒரு குழப்பம், அந்த 300 மாதக் கணக்கு, நம் பில் இரண்டு மாதக் கணக்கு. இரண்டையும் போட்டு குழப்பிக்கொண்டு ‘கம்மியா வருதே’ என்று ஏங்குபவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே சோலார் விற்பவர்கள் அவ்வளவாகச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஸ்லாப் முறையில், சோலார் மிச்சப்படுத்தும் பணம் எல்லா யூனிட்டுக்கும் ஒரே அளவு இல்லை. அது மேலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. உதாரண வீட்டில் முதலில் போனது 9.45 ரூபாய் யூனிட், பிறகு 8.40, பிறகு 6.30... இப்படி இறங்கி வரும். 480 யூனிட்டுக்கு 2,975 ரூபாய் மிச்சம். அதே வீட்டில் மூன்றாவதாக ஒரு கிலோவாட் போட்டிருந்தால்? கூடுதலாகச் சுமார் 240 யூனிட் விளைந்திருக்கும். அந்த இரண்டு மாதத்தில் அதனால் குறைந்திருக்கக்கூடிய பில் வெறும் 94 ரூபாய். மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், கோடையில் உதவும், சரிதான். ஆனாலும் ‘இருக்கிற மாடி முழுக்கப் போட்டுடுங்க சார்’ என்பவரின் பேச்சைக் கேட்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீடென்றால், பில்லே 188 ரூபாய்தான். அந்த வீட்டுக்குக் கடன் வாங்கி சோலார் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. மானியம் இருக்கிறது என்பதற்காகப் போட வேண்டிய பொருள் இல்லை இது. 500-ஐச் சுற்றியும் அதற்கு மேலும் ஓடும் வீடுகளுக்குத்தான் இதில் உண்மையான லாபம். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் சொச்சம்! அந்தப் பள்ளத்தில் மாதாமாதம் விழுந்து எழும் குடும்பத்துக்கு, ஒரு கிலோவாட் பேனல்கூட பெரிய கைப்பிடி.

மே மாத அதிர்ச்சி

முதல் பில் 94 ரூபாய் வந்தது. சந்தோஷம். அடுத்து என்ன நடக்கும்? படுக்கையறையில் இன்னொரு ஏ.சி. ‘நமக்குத்தான் சோலார் இருக்கே’ என்று இரவு முழுக்க ஓடும். முன்பு 11 மணிக்கு அணைத்துவிட்டு மின்விசிறி போட்ட வீடுதான்.

கோடையில் அந்த வீட்டின் இம்போர்ட் 700 ஆகிறது. பகலிலும் செலவு கூடியதால் எக்ஸ்போர்ட் 230 ஆகக் குறைகிறது. உற்பத்தி அதே 480. நிகரம் 470 யூனிட், பில் 1,616 ரூபாய். ‘சோலார் கெட்டுப்போச்சு, கம்பெனிக்கு போன் போடு’ என்கிறது வீடு. துண்டுச்சீட்டுக் கணக்கைப் போடுங்கள்: 700, 480, அதில் 230 போனால் 950. செலவு 620-லிருந்து 950 யூனிட்டாக ஏறியிருக்கிறது. சோலார் இல்லாதிருந்தால் இதற்கு பில் 6,345 ரூபாய். பேனல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கத்திரி வெயிலில் பேனல் அள்ளிக் கொட்டும் என்ற எதிர்பார்ப்பும் சரியல்ல. பேனலுக்குத் தேவை வெளிச்சம், சூடு அல்ல. அதன் திறனை அளப்பது 25 டிகிரியில். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரிக்குக் காய்ந்தால் பத்து சதவிகிதத்துக்கும் மேல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் குறைவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வட சென்னைக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. மணலித் தொழிற்சாலைகள், எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல், துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை மாத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே படலம்தான் பேனல் மேலும் படிகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பு, காலையில் தண்ணீர் ஊற்றி மென்மையான துணியால் துடைத்தால் போதும். உப்பு போர்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். கொதிக்கும் மதியத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கண்ணாடிக்கு ஆகாது.

பில் உண்மையிலேயே தப்பாக வரும்போது

இதுவரை சொன்னது, சரியான பில்லைத் தப்பாகப் புரிந்துகொள்வது பற்றி. தப்பான பில்லும் வரும். அதைக் கண்டுபிடிக்கவும் அதே எண்கள்தான் உதவும்.

முதலாவது, பழைய மீட்டர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1979-ல் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் சோலார் பேனலை வீட்டு மின்இணைப்போடு சேர்த்தபோது, மின்சாரம் வெளியே போனால் மீட்டர் பின்னோக்கிச் சுற்றியது. நெட் மீட்டரிங் என்ற யோசனையின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். அது வட்டத்தகடு சுற்றும் மீட்டர். இன்று நம் வீடுகளில் இருக்கும் சாதாரண எலெக்ட்ரானிக் மீட்டர் அப்படி இல்லை. மின்திருட்டைத் தடுக்க வேண்டும் என்பதற்காக, மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் செலவாகவே எண்ணும்படி பல மீட்டர்கள் செய்யப்பட்டிருக்கின்றன.

இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே பேனல் போட்டவர் சுவிட்சைப் போட்டு ஓடவிட்டால் என்ன ஆகும்? உதாரண வீட்டில், உள்ளே வந்த 420-உடன் வெளியே போன 280-ம் சேர்ந்து 700 யூனிட் செலவு என்று விழும். பில் 3,825 ரூபாய். சோலார் இல்லாத காலத்தைவிட அதிகம்! ஈ.பி-க்கு இலவசமாகக் கரண்ட் கொடுத்து, அதற்குப் பணமும் கட்டிய கதை. ஆகவே இருவழி மீட்டர் மாட்டும்வரை இன்வெர்ட்டரை இணைத்து ஓடவிடாதீர்கள். ‘ரெண்டு நாள்ல மீட்டர் வந்துரும், இப்பவே ஆன் பண்ணிக்கலாம்’ என்று யார் சொன்னாலும் சரி.

இரண்டாவது, மீட்டர் மாற்றும் நாள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் முதல் ரீடிங் இரண்டையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பில் பழைய மீட்டரில் பாதி, புது மீட்டரில் பாதி என்று கலந்து வரும். அதில் ஒரு எண் தவறிப் பதிவானாலும், பழைய மீட்டர் போன பிறகு உங்கள் கையில் ஆதாரம் என்று எதுவும் இருக்காது.

மூன்றாவது, எக்ஸ்போர்ட் கழிக்கப்படாத பில். இம்போர்ட் 420-க்கு அப்படியே பில் போட்டால் 1,301 ரூபாய் வரும். பழைய மூவாயிரத்தோடு ஒப்பிட்டு, ‘பரவாயில்லையே, குறைஞ்சிருக்கே’ என்று பேசாமல் கட்டிவிடும் ஆபத்து இதில்தான் அதிகம். ஆயிரத்து இருநூறு ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். பூட்டிய வீடென்றால், முந்தைய பில்லை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு சரிசெய்யும் வழக்கமும் உண்டு. சோலாருக்கு முந்தைய பில் அதில் அளவுகோலாகிவிட்டால் தொகை தாறுமாறாக இருக்கும்.

மீட்டரை நீங்களே படிக்கலாம். பொத்தானை அழுத்தினால், அல்லது தானாகவே, திரையில் எண்கள் மாறி மாறி வரும். சிலவற்றில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்றே சுருக்கமாக இருக்கும். சிலவற்றில் 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது இம்போர்ட், 2.8.0 என்பதோடு வருவது எக்ஸ்போர்ட். இரண்டுமே மீட்டர் மாட்டிய நாளிலிருந்து கூடிக்கொண்டே போகும் எண்கள். இன்றைய எண்ணிலிருந்து போன ரீடிங் எண்ணைக் கழித்தால்தான் இந்த இரண்டு மாதக் கணக்கு.

எண்கள் பொருந்தவில்லை என்றால் முதலில் பிரிவு அலுவலகம். எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். மீட்டரே தப்பாக ஓடுகிறது என்று சந்தேகமா? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தப்படி, புகார் கொடுத்த ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். அதே திருத்தம்தான், பத்து கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்றும் சொன்னது.

ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள்

எல்லா சோலார் வீடுகளுக்கும் ஒரே கணக்கு இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019 மார்ச்சில் ஒரு உத்தரவு போட்டு, யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறையை மாற்றியது. நீங்கள் கொடுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கும் யூனிட்டுக்கு வேறு விலை. கொடுப்பதன் விலை குறைவு. 2021 அக்டோபரில்தான் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பி வந்தது. நடுவில் போட்டவர் கையில் இருக்கும் ஒப்பந்தமும், நேற்றுப் போட்டவர் ஒப்பந்தமும் வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டு பில்லோடு ஒப்பிட்டுக் கோபப்படும் முன் அதை எடுத்துப் பாருங்கள்.

‘வாஷிங் மெஷினைப் பகலில்தான் போட வேண்டும்’ என்ற அறிவுரையும் இதைப் பொறுத்ததுதான். விலை வேறாக இருக்கும் முறையில் அது சரி. யூனிட்டுக்கு யூனிட் கழியும் நெட் மீட்டரிங்கில், துணியை மதியம் துவைத்தாலும் ராத்திரி துவைத்தாலும் பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள் இதற்காக லீவு நாள் மதியத்தைத் தொலைக்க வேண்டாம்.

எக்ஸ்போர்ட் அதிகமாகி நிகரம் மைனஸில் போனால், அந்த மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும். போன பில்லின் மிச்சம் இந்த பில்லில் கழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். காலாகாலத்துக்கும் அதைச் சேர்த்துவைக்க முடியாது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் ஒன்று உண்டு. அது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ‘நெட்வொர்க் சார்ஜ்’ என்று ஒரு வரி வந்தால், அதற்கான விகிதத்தை முடிவு செய்வது ஒழுங்குமுறை ஆணையம்தான். எந்த உத்தரவுப்படி, எத்தனை யூனிட்டுக்கு என்று பிரிவு அலுவலகத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாடி வீட்டில் குடியிருப்பவருக்குத் தனி இணைப்பு இருந்தால், உங்கள் இணைப்பு எண்ணில் சேரும் யூனிட் அவர் பில்லில் கழியாது.

விதிகள் இப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் 2016 செப்டம்பரில் ‘சூர்ய பல சங்கிராமய’ என்ற பெயரில் வீட்டு மாடி சோலாரை அரசே ஊக்குவித்தது. மூன்று விதமான கணக்கு முறைகள், கொடுக்கும் யூனிட்டுக்குப் பணம். நிறையப் பேர் போட்டார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்தன, மின்தேவை விழுந்தது, மாடிகளிலிருந்து வரும் மின்சாரமோ குறையவில்லை. பகல் மூன்று மணி வரை மாடி சோலாரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று.

நம்மூரில் இன்னும் அந்த நிலை வரவில்லை. இங்கே பிரச்னை தலைகீழ். கரண்ட் போனால் சோலாரும் போய்விடும். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உங்கள் பேனல் அனுப்பும் மின்சாரத்தில் அடிபடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வட சென்னை மின்சாரம் இல்லாமல் கிடந்ததே, அந்த மாதிரி நாட்களில் மாடியில் வெயில் அடித்தாலும் இந்த வகை சோலார் வீடுகளில் இருட்டுதான். பகல் நேர மின்தடை அதிகமான மாதங்களில் எக்ஸ்போர்ட் குறைவதற்கும் இதுவே காரணம். ஆப்பில் அந்த நேரத்து வரைபடம் பள்ளம் விழுந்து இருக்கும்.

ரீடிங் எடுக்க வருபவர் வரும் தேதி ஏறக்குறைய தெரிந்ததுதான். அன்று காலையில் மீட்டரின் இரண்டு எண்களையும் ஒரு போட்டோ, ஆப்பின் மொத்த உற்பத்தி எண்ணையும் ஒரு போட்டோ. அட்டையிலோ செல்போனிலோ மூன்றையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். எஸ்.எம்.எஸ் வந்ததும் எடுத்துப் பார்க்க அது போதும். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கும்.